404.25, 177.25: இரண்டு எண்களும் சரியானவையே

வணக்கம் ஐயா. உங்கள் பாசன சங்கத்தின் துண்டறிக்கையில் காவிரியில் தமிழகத்தின் பங்கு 404.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று எழுதுவதா, 177.25 டி.எம்.சி. என்று எழுதுவதா எனக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் உள்ளவை. அவை குறிக்கும் நீர்தான் வேறு.

படுகை முழுவதிலும் ஆண்டுக்குக் கிடைக்கும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007இல் கணக்கிட்ட 740 டி.எம்.சி.யில், பவானி, அமராவதி முதலிய நம் எல்லைக்குள் சேரும் ஆறுகளின் நீரையும் உள்ளடக்கிய தமிழகத்தின் மொத்த ஒதுக்கீடு 404.25. கர்நாடகத்திலிருந்து எல்லை கடந்து வந்து, எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் அளக்கப்பட வேண்டிய நீர் 177.25. ஆகவே 404.25 முழுவதையும் கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என்ற பொருள் வருமாறு ஒரு வரியும் அமைந்துவிட வேண்டாம். நியாயமான நம் கோரிக்கை முழுவதையும் அந்த ஒரு பிழை பலவீனமாக்கிவிடும்.

பிலிகுண்டுலுவுக்கு நடுவர் மன்றம் விதித்திருந்த 192 டி.எம்.சி.யில் 14.75 குறைக்கப்பட்டதற்கு, டெல்டாவின் நிலத்தடி நீர் 10 டி.எம்.சி. அளவுக்குக் கணக்கில் கொள்ளப்பட்டதும், பெங்களூரு நகரின் குடிநீருக்கு 4.75 வழங்கப்பட்டதும் காரணங்கள்.

என்னைக் கேட்டால், ஆண்டுக் கணக்கைவிட, பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய நீரின் மாதக் கணக்கையே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. குறுவைப் பயிர் கருகிய பிறகு அக்டோபர் வெள்ளத்தில் வந்து சேரும் நீர் ஆண்டுக் கணக்கை நிறைவு செய்யலாம், ஆனால் அந்த வயலுக்கு அது உதவாது.