பவர் கண்டிஷனர் போட்டா ஆம்ப்ல வர்ற இரைச்சல் போகுமா, சவுண்ட் கிளியராகுமா?

சுவத்து பிளக்குக்கும் ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவுல மாட்டி, கரண்ட்ல வர்ற நாய்ஸை ஃபில்டர் பண்ற பெட்டிதான் பவர் கண்டிஷனர். அதை வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஸ்பீக்கர்ல வர்றது என்ன சத்தம்னு கண்டுபிடிச்சிடுங்க. நான் அதைப் பாக்காமலேயே வாங்கிட்டேன்.

பாட்டை நிறுத்தினா என் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு ஹம் கேட்டுட்டே இருக்கும். கரண்ட் சுத்தமா இல்ல போலன்னு நெனச்சு கண்டிஷனர் மாட்டினேன், துளி மாற்றம் இல்ல. அப்புறம் ஒரு நாள் பொறுமையா உக்காந்து ஆம்ப்புக்குப் பின்னாடி இருக்குற ஒயரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தேன், டிவியில இருந்து வர்ற ஒயரை எடுத்ததும் ஹம் நின்னுடுச்சு, அதைத் திரும்பப் போட்டுட்டு டிவியோட கேபிள் கனெக்‌ஷனை மட்டும் பிடுங்கினேன், அப்பவும் ஹம் இல்ல. கிரவுண்ட் லூப்! கேபிள் வெளிய எங்கயோ எர்த் ஆகியிருக்கு, ஆம்ப் வீட்டு எர்த்ல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே ஆடியோ ஒயரைச் சுத்தியிருக்குற உலோக உறை (ஷீல்டு) வழியா கரண்ட் ஓடும், அதுதான் ஹம்மா கேக்குது. கண்டிஷனர் இருக்குறது பவர் ஒயர்ல, பிரச்சனை சிக்னல் ஒயர்ல, அது எப்படித் தடுக்கும்? ஆம்ப்ல ஆப்டிகல் இன்புட் இருந்துச்சு, டிவியை அதுல கனெக்ட் பண்ணேன், ஆப்டிகல் ஒயர்ல வெளிச்சம்தானே போகுது, லூப் அறுந்து போச்சு.

ஹம் போறதுக்கு எர்த் பின்னை எடுத்துடுன்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. உள்ள ஒரு லைவ் ஒயர் பாடியில பட்டா தொடுறவங்க உயிரே போயிடும்.

எல்லா இன்புட்டையும் கழட்டின பிறகும் ஹம் இருந்தா ஆம்ப்பையே செக் பண்ணணும், பழைய ஆம்ப்னா ஃபில்டர் கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்க வாய்ப்பு அதிகம். "ஸ்ஸ்ஸ்"னு வர்றது பெரும்பாலும் ஆம்ப்போட சொந்த நாய்ஸ், அதுக்கும் கண்டிஷனர் உதவாது.

அப்ப எதுக்குத்தான் உதவும்? ஃப்ரிட்ஜ் ஆன் ஆகும்போது "டப்"னு கேக்குது, ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினா "கர்ர்"னு வருதுன்னா ட்ரை பண்ணலாம், உள்ள இருக்குற காயிலும் கெப்பாசிட்டரும் அந்த ஹை ஃப்ரீக்வென்சி நாய்ஸைக் குறைக்கும். திடீர்னு வோல்டேஜ் எகிறினா (சர்ஜ்) பாதுகாப்பும் உண்டு, ஆனா அதைத் தடுக்குற பார்ட் ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும்ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க. வோல்டேஜ் ஏறி இறங்குறதுதான் பிரச்சனைன்னா வெறும் ஃபில்டர் டைப் பத்தாது, ஸ்டெபிலைசர் வேணும்.

பேஸ் இறுகும், குரல் தெளிவாகும்னு சொல்றாங்களே, எனக்கு எந்த வித்தியாசமும் கேக்கல. ஏன்னா சுவத்துல வர்ற ஏசி நேரா ஸ்பீக்கருக்குப் போறதில்ல, ஆம்ப்போட பவர் சப்ளை அதை டிசியா மாத்தி, கெப்பாசிட்டர்ல நிரப்பி, அதுல இருந்துதான் எடுக்குது. இன்னொண்ணு, பெரிய பவர் ஆம்ப் ஏசி அலையோட உச்சியில மட்டும் சட்டுன்னு நிறைய கரண்ட் இழுக்கும், சின்ன கண்டிஷனர்ல மாட்டினா அங்க மூச்சு திணறும். அதனால இப்ப டிவியும், டிஜிட்டல் சிக்னலை ஆடியோ சிக்னலா மாத்துற டிஏசியும் மட்டும் கண்டிஷனர்ல இருக்கு, பவர் ஆம்ப் நேரா சுவத்துல, ஆனா ரெண்டுமே ஒரே சுவிட்ச் போர்டுல இருந்துதான், வேற வேற போர்டுல எடுத்தா திரும்பவும் லூப்புக்கு இடம் குடுத்த மாதிரி ஆயிடும்.