எல் பிரெசிடென்டேக்கு எந்த வெர்மூத்?

கேள்வி: கியூபாவின் 'எல் பிரெசிடென்டே' காக்டெயிலை வீட்டில் கலந்து பார்த்தேன். வெள்ளை ரம்முடன் டிரை வெர்மூத் சேர்த்தபோது கசப்புதான் நாக்கில் நின்றது. இனிப்புக்காகக் கிரெனடின் என்ற மாதுளைப் பாகைக் கூட்டியதும் இருமல் மருந்து போல் ஆகிவிட்டது. பிழை அளவிலா, கலக்கும் முறையிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, பிழை தாங்கள் வாங்கிய வெர்மூத்தில் இருக்கிறது. வெர்மூத் என்பது ஒயினில் மூலிகைகளை ஊறவைத்து, ஆல்கஹால் சேர்த்துச் செறிவாக்கிய பானம். நிறமற்ற வெர்மூத்தில் இரு வகைகள் உண்டு. 'டிரை' என்று அச்சிட்டிருப்பதில், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, லிட்டருக்கு 50 கிராமுக்கும் குறைவாகவே சர்க்கரை இருக்கும். 'பிளாங்க்' அல்லது 'பியாங்கோ' என்று விற்கப்படுவதோ பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும், அதைவிடப் பல மடங்கு இனிப்பானது. பழைய கியூபக் குறிப்புகள் கேட்பது பிரான்சின் சவாய் பகுதியிலுள்ள சாம்பெரி நகரத்து வெர்மூத்தை. அந்த ஊரின் பெயரோடு இணைந்தது இந்த இனிப்பு வகைதான்.

1913 முதல் 1921 வரை கியூபாவின் அதிபராக இருந்த மரியோ கார்சியா மெனோகாலின் பதவியையொட்டி இந்தப் பெயர் வந்ததாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபின் ஹவானாவுக்குப் படையெடுத்த அமெரிக்கர்களிடையே இது வெகுவாகப் பரவியது. பின்னாளைய அமெரிக்கக் குறிப்புகள் பலவற்றில் டிரை வெர்மூத் புகுந்துகொண்டது. தங்கள் கைக்குக் கிடைத்ததும் அவற்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வெள்ளை ரம் அல்லது சிறிது காலம் பீப்பாயில் இருந்த இளம்பொன்னிற ரம் 45 மில்லி, பிளாங்க் வெர்மூத் 45 மில்லி, ஆரஞ்சு குராசோ (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மதுபானம்) ஒரு தேக்கரண்டி, கிரெனடின் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டு, நீண்ட கரண்டியால் அரை நிமிடம் நிதானமாகக் கலக்கவும். எலுமிச்சைச் சாறு சேராத பானம் என்பதால் ஷேக்கரில் போட்டுக் குலுக்கத் தேவையில்லை. குலுக்கினால் காற்றுக் குமிழிகள் ஏறி, தெளிவாக இருக்க வேண்டிய பானம் கலங்கிவிடும். பிறகு, ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்த கிண்ணக் கோப்பையில் வடிகட்டி ஊற்றவும். ஆரஞ்சுத் தோலை உட்புற வெள்ளைச் சதை ஒட்டாமல் மெல்லிய பட்டையாகச் சீவி, வெளிப்புறம் பானத்தைப் பார்க்கும்படி இரு விரல்களால் முறுக்கினால், தோலிலுள்ள எண்ணெய் நுண்துளிகளாகப் பானத்தின் மேல் படியும். மணத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள்.

கிரெனடினைப் பொறுத்தவரை, வெறும் நிறமும் சர்க்கரையுமாகக் கடையில் கிடைப்பதைவிட, மாதுளைச் சாற்றில் அதே அளவு சர்க்கரையைச் சேர்த்து, கொதிக்க விடாமல் மெல்லச் சூடாக்கிக் கரைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். கறுத்த ரம்தான் கைவசம் இருக்கிறதென்றால் இந்தக் காக்டெயிலையே விட்டுவிட்டு, ரம்மும் இத்தாலியச் சிவப்பு வெர்மூத்தும் சம அளவில் சேர்த்து, ஆரஞ்சு பிட்டர்ஸ் என்ற கசப்பு மணச்சாறு இரண்டு சொட்டு விட்ட 'பால்மெட்டோ'வைக் கலக்கலாம்.

இனிப்பு முந்திக்கொள்வதால் இதன் வீரியம் உடனே தெரியாது. மேலே சொன்ன அளவில் ஒரு கோப்பைக்குள் ஏறத்தாழ 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. விருந்தினர் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புபவராக இருந்தால் அவருக்கு இதை ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: திறந்த வெர்மூத்தை ரம்மைப் போல அலமாரியிலேயே வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. ஆல்கஹால் சேர்த்திருந்தாலும் அடிப்படையில் அது ஒயின்தான். காற்றுப்பட்டால் மணம் மங்கிவிடும். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். எப்போதாவது கலப்பவர் சிறிய புட்டியாக வாங்குவது நல்லது.