உறுமியைப் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து உறுமி மேளக் குழு நடத்துகிறோம். தைப்பூசத்துக்கு முன் நான்கு பாடல்களைப் பதிவு செய்து வெளியிட ஆசை. என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினியும் இரண்டு மைக் செருகும் ஆடியோ இண்டர்ஃபேஸும் இருக்கின்றன. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் எஃப்எல் ஸ்டூடியோ வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் கியூபேஸ்தான் என்கிறார். காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை (கிராக்) போட்டுத் தரவும் ஆள் இருக்கிறது. எதை எடுப்பது?
வாசகர், சுங்கை சிப்புட்

அன்புத் தம்பிக்கு,

ரீப்பர் (Reaper) என்ற ஒலிப்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாள் எந்தத் தடையுமின்றி முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனி ஆளுக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர். உங்கள் மடிக்கணினியில் இழுக்காமல் ஓடும்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பீட்டைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பாட்டு செய்பவர்களுக்கு எஃப்எல் ஸ்டூடியோ அருமையான கருவி. ஆனால் அதில் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் மைக் வழியாகப் பதிவு செய்ய முடியாது. அதற்குப் புரொட்யூசர் பதிப்புக்குப் போக வேண்டும். விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கியூபேஸும் நல்லதே. பல இண்டர்ஃபேஸ்களோடு அதன் சிறிய பதிப்போ ஏபில்டன் லைவ் லைட் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளோ இலவசமாக வரும். பெட்டியில் குறியீட்டுச் சீட்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கிராக் வேண்டவே வேண்டாம். வைரஸ் தடுப்பை அணைத்தால்தான் நிறுவ முடியும் என்பார்கள். அதைக் கேட்டதுமே விலகிவிடுங்கள்.

ரீப்பரைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் உங்கள் மேளம். உறுமி மேளம் ஒரே வேகத்தில் நிற்பதில்லை. அருள் வரும் நேரத்தில் தப்பு மேளம் முந்தும், உறுமி இழுத்துப் பிடிக்கும். இதை, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கிளிக்கில் கட்டிப்போட்டால் உயிர் போய்விடும். கிளிக்கை அணைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். பின்னால் கீபோர்டு சேர்க்க வேண்டுமானால் வேகம் மாறும் இடங்களில் டெம்போ மார்க்கர் (புதிய வேகத்தைக் காட்டும் குறி) வைக்கலாம். அதற்கு முன் ஆல்ட்டும் என்டரும் அழுத்தி, புராஜெக்ட் செட்டிங்கில் டைம்பேஸை, அதாவது பதிவு எதோடு ஒட்டி நிற்கிறது என்பதை, 'டைம்' என்று மாற்றிவிடுங்கள். அது வழக்கமாக 'பீட்ஸ்' என்றே இருக்கும். அப்படியே விட்டால் மார்க்கர் வைத்ததும் பதிவான மேளமே நீண்டு சுருங்கிக் கெட்டுப்போகும்.

இரண்டு மைக்தான் என்பதால் குழுவை அரைவட்டமாக நிற்க வையுங்கள். உறுமி முன்னால், தப்பு நன்றாகப் பின்னால். மைக்குகள் எதிரே சுமார் இரண்டு மீட்டர் தள்ளி. குரலை இதன்மேல் தனியாகப் பாடிச் சேர்க்கலாம். ஒலியளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒத்திகையில் யாரும் முழு வேகத்தில் அடிப்பதில்லை, அதனால் கடைசிச் சுற்றை வாசிக்கச் சொல்லி அளவு வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் சற்றுக் குறைவாக வைப்பதால் நட்டமில்லை.

பிரிஃபரன்சஸில் ஆடியோ டிவைஸுக்குப் போய் இண்டர்ஃபேஸின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதமின்றி ஒலியைக் கடத்தும் இணைப்பு மென்பொருள்) தேர்ந்தெடுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து வாங்கும் ஒலித் துணுக்கின் அளவு) 128 என்றால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லி வினாடி, பாடுபவருக்குத் தெரியாது. படபடவென்று சத்தம் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். இண்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் (குரலைக் கணினி வழியே சுற்றாமல் நேரே கேட்கவைப்பது) இருந்தால் அதைப் போட்டு, ரீப்பரில் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் பாடுபவருக்குத் தன் குரல் இரட்டையாகக் கேட்கும். ஹம் சத்தம் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். தகரக் கூரை மண்டபமென்றால் மதிய மழைக்கு முன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கையில் பணம் சேர்ந்தால் அடுத்து வாங்க வேண்டியது எட்டு மைக் செருகும் இண்டர்ஃபேஸ். உறுமியின் இரு முகத்துக்கும் ஆளுக்கொரு மைக் வைக்கலாம். அப்போது ஒரு டிராக்கின் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் அடிநாதம் கனமாக வருகிறதோ அதிலேயே விடுங்கள். உறுமி இழுப்பின் கீழ் ஒலி இங்கேதான் காணாமல் போகும்.

ஒவ்வொரு பாட்டையும் தொடங்கும்போதே சேவ் ஆஸ் கொடுத்து, தனி ஃபோல்டர் உருவாக்கும் கட்டத்தையும் ஆடியோ கோப்புகளை அதற்குள் கொண்டுவரும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் வேறு கணினியில் திறக்கும்போது டிராக் இருக்கும், ஒலி இருக்காது.