அழுகைக் கோச்சி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பிறந்தது கும்பகோணம். மூன்று மாதக் குழந்தையாக என்னை ஷார்ஜாவுக்குத் தூக்கிப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான். அப்பா வேலையை விட்டதும் குடும்பமே கும்பகோணம் வந்துவிட்டது. ஐந்து வருடம் ஆகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் “ஒருவழியா ஊருக்குத் திரும்பிட்டீங்க” என்கிறார்கள். எனக்குத் திரும்பிய மாதிரியே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் இன்னமும் லீவு நாள் போலத்தான் விழிப்பு வருகிறது. அப்பாவோடு ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நடந்த மாலைகள் கனவில் வருகின்றன. இங்கே வரிசையில் நிற்காத கூட்டம், குப்பை, முன்பின் தெரியாதவர்கூட சம்பளம் கேட்பது எல்லாமே எரிச்சலாக இருக்கிறது. சொன்னால் துபாய்த் திமிர் என்கிறார்கள். நீங்களும் சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எல்லாம் சரியாக எத்தனை வருடம் பிடித்தது?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

‘திரும்பிட்டீங்க’ என்பதை அவர்கள் உங்கள் அப்பாவிடம் சொல்லலாம். அவர் இங்கிருந்து போனார், திரும்பினார். நீங்கள் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். புது ஊருக்கு வந்தவருக்கு உள்ள திணறல்தான் உங்களுக்கும்.

எங்களுக்கு அரசாங்கமே அந்தப் பெயரை வைத்தது: தாயகம் திரும்பியோர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் கூறு கட்டுவது போல.

நாங்கள் கிளம்பியது 1973-இல். எனக்குப் பதினொரு வயது. அப்பா பிறந்ததே மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான். லயம் என்றால் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள். துறையூர்ப் பக்கம் சொந்த ஊர் என்று தாத்தா சொல்லி வைத்திருந்தார். அவர் செத்த பிறகு எங்கள் வீட்டில் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் காகிதத்தில் நாங்கள் ‘திரும்பினோம்’. எங்கள் பக்கம் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகிற கோச்சிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். ஸ்டேஷனில் போகிறவரும் அழுவார், வழியனுப்ப வந்தவரும் அழுவார். நான் அழவில்லை. முதல்முறை கடல் பார்க்கப் போகிறோம் என்ற குஷியில் இருந்தேன்.

கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் துறையூர்ப் பக்கத்துக் கிராமம். வெயில் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. அட்டன் குளிருக்குப் போர்த்திய கம்பளியை அம்மா மடித்துப் பரண்மேல் போட்டாள். உறவுக்காரர்கள் முதல் வாரம் ஆட்டுக்கறி போட்டார்கள். இரண்டாம் வாரம், தாத்தா பங்கு நிலத்தைக் கேட்டு வந்திருக்கிறோமோ என்று சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் “என் சப்பாத்தைக் காணோம் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. ஷூவை எங்களுக்குச் சப்பாத்து என்றுதான் தெரியும். கடையில் பாண் கேட்டதற்கும் அதே சிரிப்பு. ரொட்டி என்று கேட்டிருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் கல்லில் சுடுவது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஊர் டீக்கடையில் காலை முதல் இரவு வரை ஓடியது இலங்கை வானொலிதான். அதன் அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்டுச் சொக்கிப் போவார்கள். அதே ஆட்கள், ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த என் அப்பாவை “ஏ சிலோன்காரா, தள்ளி உக்காரு” என்பார்கள்.

உங்கள் கதையும் இதுவே என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் அந்த மண்ணிலேயே செத்து அங்கேயே புதைவோம் என்று நம்பியிருந்தவர்கள். வளைகுடாவில் அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. அங்கேயே பிறந்தாலும் குடியுரிமை கிடையாது. ஆறு மாதம் வெளியே இருந்தால் சாதாரண விசாவும் செல்லாமல் போகும். உங்கள் அப்பா அங்கே ஒரு சோபா வாங்கும்போதுகூட, ஊருக்குப் போகும்போது இதை என்ன செய்வது என்று யோசித்திருப்பார். அவர் இருபது வருடமும் கிளம்பத் தயாராக இருந்தவர். நீங்கள் அந்த சோபாவில் உட்கார்ந்து வளர்ந்தவர். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு பேரும் இருந்தது வேறு வேறு ஊரில். இதை அவரிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். உங்களுக்கு ரோலா ஏன் கனவில் வருகிறது என்று அவருக்குப் புரியாமல் இருக்கலாம். அவருக்குக் கும்பகோணம் வந்திருக்கும்.

ஒரு சண்டையும் உண்டு. குப்பை பற்றிச் சொன்னீர்கள். சரிதான், இங்கே குப்பை இருக்கிறது. ஆனால் ஷார்ஜாத் தெருவை விடியுமுன் கூட்டியவர் யார்? நம் ஊர்க்காரராகவோ, பக்கத்து நாட்டுக்காரராகவோ, தொழிலாளர் கேம்பில் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்தவராகவோ இருந்திருப்பார். அந்தச் சுத்தத்தை அந்த ஊரின் குணம் என்று நினைத்தால் உங்களைத் திமிர் என்பவர்கள் பக்கம் நானும் கொஞ்சம் சேர்ந்துகொள்வேன். சம்பளம் கேட்கிறவர்கள் விஷயத்தில் முழுக்க உங்கள் கட்சி. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் கேட்கிறார்கள்.

கிராமத்தில் இரண்டு வருடம் தாக்குப் பிடித்தோம். சாதிச் சான்றிதழ் வாங்கப் போன அலுவலகத்தில், இந்த ஊர்க்காரன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அப்பா குடும்ப அட்டையைக் காட்டினார். அது சிலோனில் கொடுத்தது என்று திருப்பித் தந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இலேயே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் போனது அதற்கல்ல, கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துக்கு. அட்டனில் அடுத்த லயத்தில் இருந்த குடும்பம் அங்கே இருக்கிறது என்று கடிதம் வந்தது, அவ்வளவுதான். பரணிலிருந்து கம்பளி இறங்கியது. அங்கே யாரும் சப்பாத்துக்குச் சிரிக்கவில்லை. ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் வளர்ந்து வந்த கூட்டாளிகள் உங்கள் பக்கமும் இருப்பார்கள், தேடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்கும் விழிப்பு வரும்.

எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நான்கைந்து இருக்கும். பையன்கள் சீக்கிரம் மாறிவிடுகிறார்கள். அம்மா கோத்தகிரியில் நாற்பது வருடம் இருந்தாள். கடைசிவரை அவளுக்கு ரயில் கோச்சிதான். கோத்தகிரிக்கு ரயில் கிடையாது என்பதால் அந்தச் சொல் அவளுக்கு அதிகம் தேவைப்படவில்லை.