ஒரே மிக்சரிலிருந்து நான்கு ஆம்ப்ளிஃபையருக்கு லைன் பிரித்தால் சத்தம் குறையுமா?

காதுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. மேடையில் மூன்று ஆம்ப், 80 மீட்டர் தள்ளி தெருமுனையில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் பிரிக்கலாம்.

பல வருடமாக எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு குடத்துத் தண்ணீரை நான்கு சொம்பில் ஊற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு டியூப்லைட் எரியும்போது இன்னொன்றைப் போட்டால் முதலாவது மங்குகிறதா? அதே கதைதான் இதுவும்.

கணக்கு வேண்டுமென்றால்: மிக்சரின் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு இருக்கும் மின்தடை) 150 ஓம், ஒவ்வொரு ஆம்பின் இன்புட் 20,000 ஓம் என்று வையுங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கமாக (பேரலலாக) சேர்த்தால் தடை குறைந்து 5,000 ஓம். இழப்பு கால் டெசிபல்தான். இந்தச் சேர்ந்த தடை மிக்சருடையதைப் போலப் பத்து மடங்குக்குக் கீழே போகாதவரை கவலையில்லை; இந்தக் கணக்கில் 13 ஆம்ப் வரை தாங்கும். ஆம்பின் பின்னால் 'லிங்க்' என்று ஒரு சாக்கெட் இருந்தால் அதிலிருந்தே அடுத்ததற்கு இழுத்துவிடலாம். இந்தப் பயம் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அங்கே இரண்டு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் 4 ஓம் ஆகி ஆம்புக்குப் பளு ஏறும். சிக்னல் பக்கம் அந்தப் பிரச்சினை இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். போன், லேப்டாப் இரண்டையும் ஒரே ஒய் கேபிளில் முறுக்கி ஒரு ஆம்புக்குக் கொடுப்பது. ஒன்றின் அவுட்புட் இன்னொன்றுக்குள் போய் மோதும். பிரிக்க ஒயர் போதும், சேர்க்க மிக்சர் வேண்டும்.

உண்மையான தலைவலி ஹம்மிங். ஒரு ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட், தெருமுனை ஆம்புக்கு ஒரு வீட்டுக் கரண்ட். லைனைச் செருகியதும் எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். இரண்டு எர்த்தும் சிக்னல் கேபிளின் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாகக் கைகோத்துக்கொண்டதுதான் காரணம். கூட இருந்த அண்ணன் மேடைப் பக்கம் பிளக்குகளில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார். சத்தம் நின்றது, அவருக்கு ஒரே பெருமை. அரை மணி நேரத்தில் பாட வந்தவர் மைக்கில் உதடு பட்டதும் துள்ளி விழுந்தார். நல்லவேளை, அதோடு போயிற்று. அந்த வேலையை மட்டும் எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

முடிந்தால் எல்லா ஆம்புக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். உங்கள் தெருமுனை ஆம்புக்கு அது முடியாது. அதற்குப் போகும் சிக்னல் லைனில் மட்டும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி (ஒயர் நேராகத் தொடாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) ஒன்று போட்டு, ஷீல்டை ஒரு முனையில் இணைக்காமல் விட்டுவிடுங்கள். மேடையிலிருக்கும் மூன்றுக்கும் சும்மா லிங்க் போதும். அப்புறம், அந்த 80 மீட்டருக்கு மேடைச் சத்தம் போய்ச் சேர ஏறக்குறைய கால் நொடி ஆகும். தெருமுனைக் குழாய்க்குப் போகும் சிக்னலை அந்த அளவு தாமதப்படுத்தி டிலே வைக்காவிட்டால் அங்கே நிற்பவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தரம் கேட்கும்.