முகமது அலியின் துணிச்சலைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

நாகர்கோவிலில் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது.

நாக்-அவுட் வீடியோவில் தொடங்காதீர்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பிள்ளைகளை அதன் பின்னால் நிற்க வையுங்கள். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். அமெரிக்க ராணுவத்தில் கட்டாயமாகச் சேர அழைக்கப்பட்டவர்கள், பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்வைக்க வேண்டும். பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அலி நகரவில்லை. வியட்நாம் போருக்குப் போக அவருடைய மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

அதற்குக் கொடுத்த விலையைக் கணக்காகவே சொல்லுங்கள்: உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் பறிபோனது, 5 ஆண்டு சிறைத்தண்டனை, 10,000 டாலர் அபராதம். வளையத்துக்கு வெளியே மூன்றரை ஆண்டு. 25 வயதில் போனவர் 28 வயதில்தான் திரும்பினார். கால் வேகம் உச்சத்தில் இருக்கும் வயது அது. குத்துச்சண்டை பழகும் பிள்ளைக்கு இந்த இழப்பு சட்டென உறைக்கும்.

ஒரு தவறு பலரும் செய்வது: இந்த வழக்கில் அவர் 5 ஆண்டு சிறையில் கிடந்தார் என்பார்கள். இல்லை, மேல்முறையீட்டில் ஜாமீனில் வெளியே இருந்தார். 1971 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் மறுத்து நின்ற அன்று இப்படி முடியும் என்று அவருக்குத் தெரியாது. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

தோள்சீலைப் போராட்டம் நடந்த மாவட்டம் நம்முடையது. அடி விழும் என்று தெரிந்தே மேலாடை அணிந்த பெண்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாக்பீஸ் கோடு அந்நியமாக இருக்காது.