உண்டியலை நிறுத்தலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள், புற்றுநோயாளிகள், பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு செவிலியரும் இரண்டு தன்னார்வலர்களும் சென்றுவருகிறார்கள். கடைவீதி உண்டியல்களும் வீடு வீடாக வாங்கும் மாதச் சந்தாவும்தான் வருமானம். இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் என்றுதான் தருவார்கள். வசூலுக்குப் போகிறவர்கள் களைத்துவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஓராண்டுச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்கிறது. சந்தாவையும் உண்டியலையும் நிறுத்திவிடலாம் என்கிறார்கள் எங்களில் பாதிப்பேர். இன்னொரு சிக்கலும் உண்டு. “எங்கள் பணம் நோயாளிக்கு மட்டும் போகவேண்டும், சம்பளத்துக்குப் போகக்கூடாது” என்று பலர் நிபந்தனை போடுகிறார்கள். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுவனத்தின் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சந்தாவை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்யும் இதே பணியை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் மலையைத் தாண்டினால் இருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து வலி தணிப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவமனைவரை வர முடிந்த நோயாளிகளுக்கு அதனால் நிம்மதி கிடைத்தது. வர முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே வலியோடு கிடந்தார்கள். அவர்களுக்காகத்தான் 2001இல் மலப்புரத்தில் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே பராமரிக்கும் அமைப்பு உருவானது. ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சங்கம், தனித் தன்னார்வலர்கள், தனி நிதி. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் யாராக இருந்தாலும் சேரலாம். 16 மணி நேரம் வகுப்பு, பிறகு நான்கு நாள் நோயாளிகளிடையே பயிற்சி.

பணத்தின் பெரும்பகுதியை ஊரிலேயே திரட்டினார்கள். கடைகளில் உண்டியல், மாதம் பத்து ரூபாய்ச் சந்தா, பள்ளிப் பிள்ளைகளின் சேமிப்பு, வளைகுடாவில் வேலை செய்பவர்கள் அனுப்பியது, ரமலான் மாத ஜகாத். ஒரு நாள் வசூல் முழுவதையும் பஸ் உரிமையாளர்கள் கொடுப்பதும் அங்கே வழக்கம். ஜனவரி 15ஆம் தேதியைக் கேரளத்தில் இதற்கென்றே ஒரு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தெருவெங்கும் வசூல் நடக்கும்.

பணம் போதாமல்தான் இத்தனை பாடுபட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சந்தா வாங்கப் போகிறவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசுகிறார். “மூன்றாவது வீட்டுப் பாட்டி எழுந்து நடமாடி ஒரு மாதமாகிறது” என்ற செய்தி அப்போதுதான் வருகிறது. எந்த நிறுவனத்தின் காசோலையும் அந்தச் செய்தியைக் கொண்டுவராது. மாதம் இருபது ரூபாய் தருகிறவர் ஒருநாள் “நானும் வரட்டுமா?” என்று கேட்பார். கணக்கும் கேட்பார், அது நல்லது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நோயாளியின் மகனும் அந்த உண்டியலில் பத்து ரூபாய் போட முடிகிறது. ஊரார் பிச்சையில் தன் தாய்க்கு மருத்துவம் நடக்கிறது என்று அவர் குறுக வேண்டியதில்லை. நீங்கள் உண்டியலை எடுத்துவிட்டால் அவருக்கு இருக்கும் அந்த ஒரே வழியும் அடைபடும்.

சம்பளத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்பவர்களிடம் நீங்கள் தயங்காமல் பேசவேண்டும். இந்த நோயாளிகளுக்கு மாத்திரையைவிடக் கைகள்தான் அதிகம் தேவை. படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுவது யார்? சிறுநீர்க் குழாயை மாற்றுவது யார்? செவிலியரின் சம்பளமும் அவரை அழைத்துச்செல்லும் வண்டியின் டீசலும்தான் நோயாளிக்குச் சேரும் உதவி. அரைச் சம்பளத்துக்குச் செவிலியரை வைத்துக்கொண்டு ‘நிர்வாகச் செலவே இல்லை’ என்று பெருமைப்படும் அறக்கட்டளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஊர் செய்யும் தர்மத்தின் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது அநியாயம். நன்கொடையாளரை ஒருமுறை உங்களோடு ஒரு வீட்டுக்கு அழைத்துப் போங்கள், அதன் பிறகு நிபந்தனையைப் பற்றிப் பேசட்டும்.

நிறுவனப் பணத்துக்கு வருகிறேன். சட்டப்படி அது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம். லாபம் சுருங்கினால் நிதியும் சுருங்கும். இயக்குநர்கள் மாறினால் அது பள்ளிக் கட்டடத்துக்கோ மரம் நடுவதற்கோ போய்விடலாம். மார்ச்சோடு பணம் நின்றால் ஏப்ரலில் அந்தச் செவிலியருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆகவே மாதந்தோறும் தொடரும் செலவைச் சந்தாவின் மேல் வையுங்கள். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு நிற்கும் பொருட்களை நிறுவனத்திடம் கேளுங்கள்: காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் செறிவூட்டி, ஒரு வண்டி. அறக்கட்டளை இந்த நிதிக்கென்று பதிவு எண் பெற்றிருந்தால் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கலாம். தொடர் திட்டம் என்று எழுதிக்கொடுத்தால், தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள்வரை விதிகள் இடம் தருகின்றன. ஓராண்டு என்று அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல் இதைக் கேட்டுப்பாருங்கள்.

அரசையும் மறக்க வேண்டாம். மக்கள் செய்துகாட்டிய பிறகுதான் 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகளும் வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று பேசி வையுங்கள். அவர்கள் தருவதற்கு நீங்கள் மறுபடியும் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணம் வீட்டுக்கு அரிசியாகட்டும், பிள்ளையின் நோட்டுப்புத்தகமாகட்டும்.

மலப்புரத்துக்கு இருந்த வளைகுடாப் பணம் உங்கள் ஊருக்கு இல்லாமலிருக்கலாம். உங்கள் ஊரில் என்ன இருக்கிறதோ அதைக் கேளுங்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தர்மத்துக்கென்று எடுத்துப்போடும் பிடியரிசிப் பானை வைத்திருந்த வீடுகள் நம் பக்கத்திலும் இருந்தனவே. அறுவடையில் நெல் கேட்கலாம், சந்தை நாளில் காய்கறி கேட்கலாம்.

களைப்பு உண்மைதான். தெருக்களைப் பிரித்து ஒருவருக்கு முப்பது வீடு என்று கொடுங்கள். மாதாமாதம் போகாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகட்டும். பணத்தைக் கைபேசியில் அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும், ஆனால் அந்த வீட்டுக்கும் ஆள் போகவேண்டும். மாதக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி நூலகச் சுவரிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டுங்கள். வந்த பணம், சம்பளம், டீசல், போன வீடுகளின் எண்ணிக்கை ஆகியவை இருந்தால் போதும். நோயாளிகளின் பெயர் வேண்டாம்.

அன்புடன்